சாம்பிள் அக்காவும் பன்னிரண்டு வாரக் கோடிங்கும்

ஸ்ரீரங்கத்தில் பெருமாள் ஒருவரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சாம்பிள் பார்த்த பிறகே ஏற்றுக்கொண்ட ஒரே ஜீவன் எங்கள் சாம்பிள் அக்காதான். பெருமாளை மட்டும் ஏன் விட்டுவைத்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "அவரு படுத்துக்கிட்டு இருக்காரு. தொந்தரவு பண்ண வேணாம்னு விட்டுட்டேன்" என்றார்.

மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி மில்லில் தரம் பார்ப்பது அவர் வேலை. மூட்டையின் வயிற்றில் குத்தூசியைச் சொருகி ஒரு பிடி அரிசியை வெளியே இழுப்பார். மூட்டையின் வாயைத் திறந்து காட்டினால் அந்தப் பக்கம் திரும்பக்கூட மாட்டார். "வாய்ல இருக்கறது மாப்பிள்ளை வீட்டுக்கு வைக்கிற பலகாரம் தம்பி. வீட்டுச் சாப்பாடு என்னன்னு நடுவுலதான் தெரியும்."

இந்தப் பழக்கம் மில்லோடு நின்றிருந்தால் ஊர் பிழைத்திருக்கும். சீலிங் ஃபேன் வாங்கப் போனவர், கடையிலேயே அதை ஓடவிட்டு அதன் கீழே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். கடைசியில் கடைக்காரரே போர்த்திக்கொள்ளத் துண்டு கொடுத்தாராம். தினசரி காலண்டர் வாங்கினாலும் ஆடி மாதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். ஜனவரியை எவனும் அழகாக அடிப்பான் என்பது அவர் கட்சி.

அம்மா மண்டபம் ரோட்டில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. ஆன்லைன் விண்ணப்பங்களும் நிரப்பித் தருவேன். ஒரு மழைக் காலையில் அக்கா மூன்று நோட்டீஸ்களை என் மேஜையில் பரப்பினார். மூன்றும் கோடிங் பூட்கேம்ப். பன்னிரண்டு வாரத்தில் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதக் கற்றுத் தருவார்களாம்.

"யாருக்குக்கா? சொந்தக்காரப் பசங்களுக்கா?"

"எனக்குத்தான்ப்பா. மில்லுல புது மெஷின் வந்துருக்கு. அரிசி விழும்போதே கேமரால பாத்து, கெட்டதைக் காத்தால ஊதித் தள்ளிடுது. பாக்க அவ்வளவு அழகு! ஆனா நல்ல அரிசியையும் சேத்துத் தள்ளிடுதே. மெக்கானிக்கைக் கேட்டா புரோகிராம் அப்படிங்கறான். அதை எழுதினவன் யாருன்னு கேட்டா முழிக்கிறான்."

"அவன் எந்த நாட்டுல இருக்கானோ?"

"அதான், நானே கத்துக்கலாம்னு."

வயது நாற்பத்தொன்று. படிப்பு பிளஸ் டூ. அக்காவுக்கு இரண்டும் தடையாகத் தெரியவில்லை. தை மாதம் புது நெல் வந்து குவியும்வரை மில்லில் வேலை குறைவு. முதலாளி அந்த மூன்று மாதத்துக்கு மட்டும் லீவு கொடுத்திருந்தார். "இதுக்கு மேல ஒரு நாள்கூடக் கேக்காதே, அடுத்த வருஷமும் கேக்காதே" என்று சொல்லித்தான் கொடுத்தார். தப்பான இடத்தில் சேர்ந்தால் அதோடு கதை முடிந்தது.

மூன்று இடத்திலும் முதல் நாள் இலவச டெமோ வகுப்பு உண்டு. அக்கா எதற்கும் போகவில்லை. "அது மூட்டையோட வாய்ப்பா. எனக்கு ஆறாவது வாரத்தைப் பாக்கணும்" என்றார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினார்.

முதல் இடம் தில்லை நகர். கண்ணாடிக் கதவு, ஏசி, பிஸ்கட். ஆறாவது வார வகுப்பைக் காட்டுங்கள் என்றதும் வரவேற்பில் இருந்த பெண், "கிளாஸ் போயிட்டிருக்கு மேடம், டிஸ்டர்ப் பண்ணக்கூடாது" என்றாள். அக்கா பாத்ரூம் தேடுகிற பாவனையில் போய் ஒரு கதவைத் திறந்தார். நாற்பது நாற்காலி, நாலு பேர். வாத்தியார் இல்லை, வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. நாலு பேரில் ஒருவர் நல்ல தூக்கம். அக்கா கதவை மெதுவாகச் சாத்தினார். "டிஸ்டர்ப் பண்ணக்கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொன்னது நியாயம்தான்ப்பா."

இரண்டாவது சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம். வேலை கிடைத்தவர்களின் போட்டோக்கள் சுவர் முழுக்க. ஆலோசகர் முதல் வரிசையைக் கைகாட்டி விளக்கிக்கொண்டிருக்க, அக்கா நடு வரிசையில் நடு போட்டோவில் விரலை வைத்தார்.

"மீசை வச்ச இந்தத் தம்பி இப்ப எங்க வேலை பாக்குறாரு? நான் அவருகிட்ட ஒரு வார்த்தை பேசணும்."

ஆலோசகர் குரலைத் தாழ்த்தினார். "மேடம்... அது நான்தான். மீசையை எடுத்துட்டேன்."

"வேலை?"

"இங்கதான் மேடம்."

மூன்றாவது கே.கே. நகரில் ஒரு மருந்துக்கடை மாடி. ஏசி கிடையாது, பிஸ்கட் கிடையாது. ஆறாவது வாரத்தைப் பார்க்கவேண்டும் என்றதும், "உள்ள போய் உக்காருங்க" என்றார்கள். உள்ளே ஒரே கூச்சல். திரையெல்லாம் சிவப்பு எழுத்தில் பிழைகள். ஒரு பெண் எழுந்து ஏதோ கேட்டாள். ஒல்லியான வாத்தியார் தலையைச் சொறிந்தார். "இது ஏன் வேலை செய்யலைன்னு எனக்கும் தெரியலையே. வாங்க, பாப்போம்" என்று அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா என் தொடையில் ஒரு குத்து விட்டார். "வாத்தியாரே தெரியலைங்கறாருப்பா! இதான் நம்ம இடம்."

அங்கே இருபது இடம்தான். என் கடைக்குத் திரும்பித் திறந்த விண்ணப்பத்தில் ஒரே ஒரு முக்கியமான கேள்வி: எதற்காகப் படிக்க விரும்புகிறீர்கள்? அக்கா சொன்னார்: "எங்க மில்லு மெஷினு நல்ல அரிசியை ஏன் தள்ளுதுன்னு தெரிஞ்சுக்க. அப்படியே எழுதிடு." சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார்.

என்னிடம் ஒரு பாரா இருந்தது. எங்கிருந்தோ எடுத்த அருமையான இங்கிலீஷ். 'சிறு வயது முதலே எனக்குத் தொழில்நுட்பத்தின் மேல் தணியாத தாகம்' என்று ஆரம்பிக்கும். நர்சிங் விண்ணப்பம் வந்தால் தொழில்நுட்பத்தை எடுத்துவிட்டு நர்சிங் போடுவேன். கேட்டரிங் வந்தால் சமையல். தாகத்தில் மட்டும் கை வைக்கமாட்டேன். அரிசி, மில்லு என்று எழுதினால் யார் மதிப்பார்கள்? அக்காவின் நல்லதுக்கு என்று நினைத்து அந்தப் பாராவையே ஒட்டி அனுப்பினேன்.

நாலாம் நாள் பதில் வந்தது. அக்காவுக்கு ஈமெயில் கிடையாது, என் முகவரிதான் கொடுத்திருந்தேன். 'இதே தணியாத தாகம் இந்த வாரம் இன்னும் நாலு பேருக்கு வந்திருக்கிறது. சொந்தக் காரணம் இருப்பவர்களையே சேர்க்கிறோம். வருந்துகிறோம்.' அடுத்த திங்கட்கிழமை வகுப்பு ஆரம்பம். அக்காவின் லீவோ ஏற்கெனவே ஓட ஆரம்பித்திருந்தது.

சாயங்காலம் கடைக்கு வந்தவரிடம் தமிழில் படித்துச் சொன்னேன்.

"நான் சொன்னதை நீ எழுதலையா?"

"உங்க நல்லதுக்குன்னுதான்க்கா..."

"மூணு இடத்தையும் சாம்பிள் பாத்தேன். உன்னைப் பாக்காம விட்டுட்டேனே தம்பி!"

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ஆச்சரியமாகச் சொன்னார்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு அவரோடு கே.கே. நகர் பஸ் ஏறினேன். வாத்தியார் முன்னால் நின்று, "சார், அந்தத் தாகம் இவங்களோடது இல்ல. என்னோடது" என்றேன்.

"அப்ப நீங்க சேரணுமா?"

"ஐயோ, இல்ல சார்!"

அதற்குள் அக்கா பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேஜையில் பிரித்தார். "சார், இது மெஷின் கெட்டதுன்னு தள்ளுன அரிசி. பதினெட்டு வருஷமா அரிசி பாக்கறேன். இதுல பாதி நல்ல அரிசி. ஏன் தள்ளுச்சு?"

வாத்தியார் பேனா முனையால் அரிசியை விலக்கினார். போனில் டார்ச் அடித்துப் பார்த்தார். "உள்ள லைட்டு மங்கலா இருக்குமோ?"

"மாத்தியாச்சுங்க."

"அப்ப மெஷினைப் பழக்கினப்ப வேற ரக அரிசியைக் காட்டியிருப்பாங்க."

"அதுக்கும் காட்டித்தான் பழக்கணுமா?"

"ஆமாங்க. எது நல்லது, எது கெட்டதுன்னு முதல்ல ஒரு ஆள் காட்டணும்."

அக்காவின் கண் விரிந்தது. "யாரு சார் காட்டுனா? எங்க யாரையும் கேக்கலையே!"

"தெரியலைங்க" என்றார் வாத்தியார். பிறகு இருவரும் அரை மணி நேரம் அந்த அரிசியை விட்டுத் தலை நிமிரவில்லை. நான் ஒருவன் நிற்பதே அவர்களுக்கு மறந்துபோயிற்று.

கடைசியில் வாத்தியார் பெருமூச்சு விட்டார். "இருபதும் நிரம்பிடுச்சு மேடம். உக்கார வைக்க ஒரு நாற்காலிகூட இல்லை."

"நாற்காலி மட்டும்தானே சார் இல்லை?" என்றேன் நான்.

திங்கட்கிழமை காலை, என் கடையில் இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலி டவுன் பஸ்ஸில் கே.கே. நகர் போனது. கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கிழித்தார்.

தை பிறந்ததும் அக்கா மில்லுக்குத் திரும்பினார். இப்போதும் மெஷின் சில நல்ல அரிசியைத் தள்ளத்தான் செய்கிறதாம். "முன்னாடி தெரியாம கோவப்பட்டேன். இப்ப காரணம் தெரிஞ்சு கோவப்படுறேன் தம்பி. அது தனி சுகம்."

அந்த மூன்று மாதமும் என் கடைக்கு வந்தவர்கள் நின்றுகொண்டேதான் வேலையை முடித்தார்கள். வேறு நாற்காலி வாங்கியிருக்கலாம், வாங்கவில்லை. எங்கேப்பா நாற்காலி என்று யாராவது கேட்கமாட்டார்களா என்று இருக்கும். கேட்டால், "எங்க அக்கா உக்காந்து படிக்கிறாங்க" என்று சொல்லலாம் இல்லையா?