மூன்றாவது வேண்டுகோள்

ஓர்டெல் ட்வெய்ட் அன்று காலை ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார்: வேலைக்குத் திரும்புவது, ஆனால், பிறர் கெஞ்சிய பிறகே திரும்புவது.

தானியக் கிடங்கில் விழுந்து முதுகு ஒடிந்ததிலிருந்து அவர் மாற்றுத்திறனாளி உதவித்தொகையில் வாழ்ந்துவந்தார். வேலைக்குத் துணைநிற்கும் அரசுத் திட்டத்தில் சேர்ந்து, கோபித்துக்கொண்டு விலகியும் இருந்தார். இன்னொரு குளிர்காலம் சன்னலோரம் அமர்ந்து மின்னசோட்டாவின் பனியைப் பார்த்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்பதை மனைவி லவோனிடம் மட்டும் அவர் சொல்லவில்லை.

“விலகினவன மறுபடி சேப்பாங்களா?” என்று தூண்டில் போட்டார்.

“சேப்பாங்க. விடுறதும் நம்ம இஷ்டம், திரும்புறதும் நம்ம இஷ்டம்.”

“உதவித்தொகை நின்னுபோச்சுன்னா?”

“எடுத்த எடுப்புல நிக்காது. வேலை பாத்துப் பழக மாசக்கணக்குல அவகாசம் உண்டு. அப்புறம் நின்னாலும், அஞ்சு வருஷத்துக்குள்ள முதுகு மக்கர் பண்ணா, புதுசா விண்ணப்பிக்காமலே திரும்பக் கேக்கலாம்.”

“இதெல்லாம் உனக்கெப்படித் தெரியும்?”

“நீங்க சன்னலப் பாத்தீங்க. நான் ஃபோன் பண்ணேன்.”

ஓர்டெல் மறுபடி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். விதிகளை வகுத்தவர்களே இவளிடம் வந்து பாடம் கேட்கவேண்டும்!

மாலையில் திட்ட ஆலோசகர் ஆர்டிஸ் அம்மா வந்தார். அவ்வூரில் முதல் அழைப்பிலேயே ஏற்பவன் பேராசைக்காரன். இரண்டாவதில் ஏற்பவன் அவசரக்காரன். மூன்றாவதில் ஏற்பவனே கண்ணியவான். ஆர்டிஸ் காபியைக்கூட மூன்றாம் முறைதான் வாங்கிக்கொண்டார்.

“மறுபடி சேந்துக்குறீங்களா, ஐயா?”

“ஐயையோ, எனக்கெதுக்குங்க?”

“விதைக் கடையில உக்காந்தே பாக்குற வேலை. உங்க அனுபவத்துக்குப் பொருத்தமா இருக்கும்.”

“வேண்டாங்க. வாலிபப் பசங்க யாருக்காச்சும் குடுங்க.”

இரண்டு முடிந்தன. ஓர்டெல் முகத்தில் ஒரு பெருந்தன்மையை வரவழைத்துக்கொண்டு மூன்றாவதற்குக் காத்திருந்தார்.

“அவருதான் வேண்டாங்குறாரே, விட்டுடுங்க” என்றாள் லவோன். “கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு விதியே இருக்கு.”

ஆர்டிஸ் எழுந்தார், விடைபெற்றார், கதவும் சாத்திக்கொண்டது.

ஓர்டெல் ஒரு பெருமூச்சு விட்டார். இரண்டாவது மூச்சு வெளியே பனியில் வந்தது. வீட்டுச் செருப்போடு, முதுகைப் பிடித்துக்கொண்டு, “அம்மா! இன்னும் ஒரே ஒரு தடவ கேளுங்கம்மா!” என்று அலறியபடி காரை எட்டினார்.

ஆர்டிஸ் வண்டியைக் கிளப்பவே இல்லை. கண்ணாடியை இறக்கிப் பேனாவை நீட்டினார்.

கையெழுத்திட்டுத் திரும்பினால், வாசலில் லவோன்.

“நல்லவேளை, அந்தம்மா இன்னும் கிளம்பல” என்றார் ஓர்டெல்.

“நான்தான் இருக்கச் சொன்னேன். கதவு சாத்துறதுக்குள்ள ஓடி வந்துடுவாருன்னு சொல்லியிருந்தேன். கொஞ்சம் லேட் பண்ணிட்டீங்க.”