ஏற்றம் தெரிந்த தோல்

பில்லியட் குச்சியின் நுனித்தோலை வாயில் போட்டுச் சப்பிப் பார்த்து, "இன்னும் வாடல" என்று தீர்ப்புச் சொல்லக்கூடிய மனிதர் ஊவா மாகாணத்தில் ஒரே ஒருவர்தான். உலகத்திலேயே ஒருவர்தான் என்று எழுத எனக்கு ஆசை. ஆனால் உலகம் பெரியது. எங்காவது இன்னொருவர் தோலைச் சப்பிக்கொண்டே இதை வாசித்துவிட்டுக் கடிதம் போட்டால் பத்திரிகை ஆசிரியருக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. தோட்டத்தை நடத்துகிற துரையிலிருந்து கொழுந்து நிறுக்கிறவர் வரை யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் டீமேக்கர். தெமோதரைக்கு மேலே நான் கிளார்க்காக இருந்த தோட்டத்தில், பச்சைக் கொழுந்தை வாட்டி, ரோலரில் அரைத்து, காயவைத்துத் தேயிலையாக்குகிற ஃபெக்டரிக்கு அவர்தான் பொறுப்பு. ஒரு பிடி கொழுந்தை முகர்ந்து பார்த்து, அது எந்த மலையில் பறித்தது, எத்தனை மணிக்குப் பறித்தது, பறித்த அம்மாவுக்கு அன்றைக்குத் தடிமன் பிடித்திருந்ததா இல்லையா என்பதுவரை சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட மூக்கை வைத்துக்கொண்டு மனிதர் தேயிலையோடு நின்றிருக்கலாம். நின்றாரா என்றால் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னோடு பஸ் ஏறி, பதுளையில் நானா கடை மாடிக்கு வந்து சேர்ந்தார்.

நானா என்று ஊரே கூப்பிடுகிற அந்த முஸ்லிம் பெரியவர் கீழே ஹார்ட்வெயர் கடை வைத்திருந்தார். மேலே ஒரு பில்லியட் மேசை போட்டிருந்தார். பெரிய கிளப்புகளில் இருப்பதுபோல் கல் வைத்த மேசை அல்ல, சின்னப் பலகை மேசை. மாடி கட்டிய மேசன்பாஸ் அன்றைக்கு என்ன மனக்கஷ்டத்தில் இருந்தாரோ, தரை வாசல் பக்கம் உயர்ந்து ஜன்னல் பக்கம் இறங்கியிருந்தது. எந்தப் பந்தை எங்கே வைத்தாலும் அது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு பக்கத்து ஊரான ஹாலிஎலவைப் பார்த்துப் புறப்பட்டுவிடும். மேசைக்காலுக்கு அட்டை கொடுத்துச் சமப்படுத்தக் கூடாதா என்று கேட்டால் நானாவுக்குக் கோபம் வந்துவிடும்.

"மலைநாட்டுல வந்து நின்டுக்கிட்டுச் சமதரை கேக்குறீங்களே, ஞாயமா?"

விளையாட்டின் சட்டம் எளிமையானது. கடைசியாகக் கறுப்புப் பந்தைக் குழியில் போட்டவர் ஜெயித்தவர். கூடவே, குச்சியால் குத்துகிற வெள்ளைப் பந்தும் விழுந்துவிட்டால் அவரே தோற்றவர். நானா மேசையில் கறுப்பை ஜன்னல் பக்கக் குழியில் போட்டால், சரிவில் வெள்ளையும் பின்னாலேயே போய்த் தொப்பென்று விழும். அதனால் அந்த மாடியில் யாரும் யாரையும் ஜெயித்ததே கிடையாது. எல்லோரும் முறை வைத்துத் தோற்றுக்கொண்டிருந்தோம்.

இதற்கு மருந்து இல்லாமலில்லை. வெள்ளையின் அடிவயிற்றில் குத்தினால் அது பின்பக்கமாகச் சுழன்றுகொண்டே போய், கறுப்பை முட்டியதும் திரும்பி வரும். அதற்குக் குச்சி நுனியில் இருக்கும் தோல் ஒரு கண நேரம் பந்தைப் பிடித்துத் திருக வேண்டும். நானா கடைக் குச்சிகளின் தோலோ தேய்ந்து இறுகிச் சட்டைப் பொத்தான் மாதிரிப் பளபளத்தது. கீழே குத்தினால் வழுக்கிக்கொண்டு போகும். ஒருமுறை நான் குத்திய வெள்ளை மேசையைத் தாண்டி, படிக்கட்டில் ஒவ்வொரு படியாக இறங்கி, கீழே பெயிண்ட் வாங்கிக்கொண்டிருந்தவரின் காலடியில் போய் நின்றது. அவர் அதைக் கடைக்காரர் கொடுத்த இனாம் என்று நினைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

இப்படிப்பட்ட மேசைக்கு ஏன் போனோம் என்று கேட்பீர்கள். தோட்டத்தில் ஸ்டாஃப் ஒரு பக்கம், தொழிலாளர் குடியிருப்பான லயத்து ஆட்கள் ஒரு பக்கம். ஒரே டீயை ஒருவர் உட்கார்ந்து குடிப்பார், இன்னொருவர் நின்று குடிப்பார். நானா மாடியில் அந்தக் கதையே இல்லை. ரோலர் அறையில் வேலை செய்கிறவர் டீமேக்கரைப் பார்த்து, "தள்ளுங்கய்யா, ஒங்க ஆட்டம் முடிஞ்சிருச்சி" என்பார். டீமேக்கரும் தள்ளி நிற்பார். வெட்கப்படாமல் சொல்கிறேன், வாரத்தில் நான் மனிதனாக இருந்தது அந்த மூன்று மணி நேரம்தான்.

அதற்குத்தான் ஆபத்து வந்தது. நானாவின் மகன் கொழும்பிலிருந்து திரும்பி வந்து, மேசையைத் தூக்கிவிட்டு மாடியில் ஃபோன் கடை போட வேண்டும் என்றார். நானாவுக்கு மகனை மறுக்க வாய் வரவில்லை, மேசையைக் கொடுக்கவும் மனம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் எல்லோரையும் சாட்சிக்கு வைத்து ஒரு பந்தயம் கட்டினார்.

"இன்னும் ஆறு கெழம டைம் தாறேன். கறுப்பு ஜன்னல் பக்கத்துக் குழியில விழணும். வெள்ளை ஏறி வந்து வாசல் பக்கத்து ஓர ரப்பர்ல முட்டணும். ஒரே அடிதான். யாராச்சும் செஞ்சி காட்டினா, நான் மௌத்தாகுற வரைக்கும் இந்த மேசைய யாரும் தொடேலாது. செய்யாட்டி ஃபோன் கடை."

மகன் சிரித்தார். "வாப்பா, இந்த மேசைல பந்து மேல ஏறுமா?"

"ஏறுமுங்க" என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் டீமேக்கர்.

அடுத்த வாரமே கொழும்பிலிருந்து பன்னிரண்டு நுனித்தோல்கள் கொண்ட ஒரு பெட்டியைத் தருவித்தார். மெதுவானது, நடுத்தரம், கடினம் என்று மூன்று வகை. நான் யூடியூப் பார்த்து எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மெதுவான தோல் பந்தை நன்றாகப் பிடிக்கும், ஆனால் நாலு அடியில் காளான் மாதிரி விரிந்துவிடும். கடினமானது வடிவம் கெடாது, ஆனால் வழுக்கும். நடுத்தரத்தை எடுத்து, நுனியை ஒரு நாணயத்தின் விளிம்பு மாதிரி வளைவாக்கி, மண்கடதாசியால் லேசாகச் சொரசொரப்பாக்கினால் போதும்.

டீமேக்கர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "யூடியூப்காரன் ஒரு கிலோ எலையாவது வாட்டியிருப்பானா தம்பி? தோலும் எலையும் ஒண்ணுதான். ரெண்டும் செத்ததுக்கப்புறந்தான் வேலைக்கு வரும்."

சொல்லிவிட்டு ஒரு தோலை எடுத்து முகர்ந்தார். காதருகில் வைத்து நசுக்கிச் சத்தம் கேட்டார். வாயில் போட்டு, தேநீர் ருசி பார்க்கிறவர் மாதிரிச் சர்ரென்று காற்றை உள்ளே இழுத்து, கன்னத்துக்குக் கன்னம் உருட்டி, ஜன்னல் வழியாகத் துப்பினார். இப்படிப் பன்னிரண்டையும் துப்பினார். கீழே பஸ்ஸுக்கு நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். நானும் நானாவும் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தோம்.

அந்தப் பன்னிரண்டும் மறுநாள் ஃபெக்டரிக்குப் போயின. கொழுந்து வாட்டுகிற தட்டில், கொழுந்துக்குப் பக்கத்தில், தனியாக ஒரு சாக்கு விரித்து அவற்றையும் வாடப் போட்டார். மணிக்கொருதரம் போய்ப் புரட்டிவிட்டார். ரோலருக்கடியில் வைத்து நசுக்கினார். கடைசியில் டிரையருக்குள் விட்டதில் பன்னிரண்டும் மிளகு மாதிரிச் சுருண்டு வெளியே வந்தன. வேறொருவராக இருந்தால் விட்டுவிடுவார். இவருக்கு அன்றைக்குத்தான் ஞானம் பிறந்தது.

ஆபீசுக்கு ஓடி வந்தார். "தம்பி, தப்பு எங்கன்னு புடிச்சிட்டேன். இதெல்லாம் சமதரைத் தோலு. பொறந்ததுலேர்ந்து ஏத்தமே பாத்ததில்ல. பந்துக்கு எங்கேர்ந்து ஏறச் சொல்லிக் குடுக்கும்? மலை ஏறிப் பழகின தோலு வேணும்."

"மாட்டுத் தோலுங்களா?"

"மாடு ரோட்டோரமா மேயுது. தெனம் ஏழு மலை ஏறி எறங்குறது யாரு?"

எங்கள் தோட்டத்தில் தோலோடு தினம் ஏழு மலை ஏறி இறங்குவது துரையின் சப்பாத்து ஒன்றுதான். துரை ஃபெக்டரிக்கு வந்தால் சுத்தத்துக்காகச் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டுதான் உள்ளே போவார். மறுநாள் காலை அவர் உள்ளே மெஷின்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, டீமேக்கர் வாஷர் வெட்டுகிற அச்சை வைத்து, சப்பாத்தின் நாக்கிலிருந்து மூன்று வட்டங்களை எடுத்துவிட்டார். ஒரு தோல் மெல்லியது, மூன்றை ஒட்டினால் கனம் சரியாக வரும் என்பது கணக்கு.

எடுத்தவர் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். ருசி பார்க்காமல் அவரால் ஒன்றும் செய்ய முடியாது என்பதுதான் வினை. அன்றைய தேயிலை வகைகளை ஐந்து கிண்ணங்களில் ஊற்றி வைத்திருந்த மேசையில், ஆறாவது கிண்ணத்தில் மூன்று வட்டங்களையும் போட்டுக் கொதிநீர் ஊற்றினார். அந்த நேரம் பார்த்து ருசி பார்க்கும் அறைக்குள் துரை நுழைந்தார். கையெழுத்து வாங்கப் போன நானும் பின்னால் நுழைந்தேன்.

துரை முதல் கிண்ணத்தை உறிஞ்சித் துப்பினார். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. டீமேக்கர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். துரை ஆறாவது கரண்டியை வாயில் வைத்து உறிஞ்சினார். துப்பவில்லை. கண்ணை மூடினார். அப்படியே விழுங்கினார்.

"டீமேக்கர்! இது எந்த மலை?"

"மூ... மூணாம் நம்பருங்க தொரை."

"என்னா பாடி! இவ்வளவு நாளா இதை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க? நாளைக்கும் இதையே வைங்க."

தேநீரின் கனத்தைப் பாடி என்பார்கள். தன் சப்பாத்தைத் தானே குடித்துப் பாராட்டிய துரை இலங்கைத் தோட்ட வரலாற்றில் வேறு யாரும் இருக்க மாட்டார். போகும்போது வாசலில் குனிந்து சப்பாத்தை மாட்டியவர், நாக்கில் மூன்று ஓட்டைகளைப் பார்த்து ஆபீசைக் கூப்பிட்டார். எலித்தொல்லை பற்றி ஃபெக்டரிக்குக் கடுமையாக ஒரு கடிதம் எழுதச் சொன்னார். அந்தக் கடிதத்தை நான்தான் தட்டச்சு செய்தேன். சிரிக்காமல் செய்தேன். என் கிளார்க் வாழ்க்கையில் சாதனை என்று சொல்ல அது ஒன்றுதான் இருக்கிறது.

அந்த வாரம் முழுக்கத் துரை தினமும் ஆறாவது கிண்ணத்தைக் கேட்டார். டீமேக்கரும் அதே மூன்று வட்டங்களைத் தினமும் கொதிநீரில் போட்டு எடுத்தார். சனிக்கிழமை நான் தொட்டுப் பார்த்தபோது, பைத்தியக்காரத்தனமாகத்தான் இருக்கிறது, தோல் உண்மையிலேயே பதமாக இருந்தது. மெதுவாகவும் இல்லை, கடினமாகவும் இல்லை. பிறகு மூன்றையும் ஒட்டி, பாரம் வைத்து அழுத்தி, நிழலில் பல நாள் காயவிட்டு, நாணய விளிம்பு மாதிரி வளைவாக்கிக் குச்சியில் பொருத்தினார். மண்கடதாசியும் போட்டார். யூடியூப்காரன் சொன்னதுதானே ஐயா என்றேன். குச்சியைத் தூக்கிக்கொண்டு ரோலர் அறைக்குப் போய்விட்டார்.

ஆறாவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானா மாடியில் நிற்க இடமில்லை. லுணுகலையிலிருந்துகூட ஆட்கள் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். மேசையில் கறுப்பும் வெள்ளையும் மட்டும். அவை உருண்டு போகாமல் ஆளுக்கொருவர் விரலால் பிடித்துக்கொண்டிருந்தோம். வாசல் பக்கம் டீமேக்கர். எதிரே ஜன்னல் பக்கம், மேசை விளிம்போடு, நானா. இது தவறினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எங்கே போவோம் என்று யாருக்கும் தெரியாது.

டீமேக்கர் நுனிக்கு நீல சாக்பீஸ் பூசினார். முகர்ந்தார். ஒருமுறை நக்கிப் பார்த்து, திரும்பவும் சாக் பூசினார். "விடுங்க" என்றார். விரல்களை எடுத்தோம். அடித்தார்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. ரோலர் ஓடுகிற சத்தத்தை வைத்தே கோளாறு கண்டுபிடிக்கிறவர் அல்லவா, அடித்த பிறகு பந்தைப் பார்க்க மாட்டார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு காதைச் சாய்த்துக் கேட்பார். அன்றும் அப்படியே நின்றார். கறுப்பு குழியில் விழுந்தது. வெள்ளை அங்கேயே நின்று சுழன்றது, பிறகு, நம்ப மாட்டீர்கள், ஏறத் தொடங்கியது. ஒரு சாண் ஏறியது. இரண்டு சாண். மேசை நடுவுக்கு வந்து வேகம் குறைந்து, நின்று, மெதுவாகத் திரும்பி ஜன்னலைப் பார்த்தது.

நான் பந்தைப் பார்க்க முடியாமல் முகத்தைத் தூக்கினேன். அதனால்தான் நானாவைப் பார்த்தேன். அவருடைய இரண்டு கைகளும் மேசை விளிம்புக்குக் கீழே இருந்தன. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. முகம் பீட்ரூட் நிறத்துக்குப் போயிருந்தது. ஜன்னல் பக்கத்து மேசைக்கால் இரண்டும் தரையைவிட்டு நாலு விரல் மேலே இருந்தன. வெள்ளை திரும்பவும் மனம் மாறி, உருண்டு போய், வாசல் பக்க ரப்பரில் டொக்கென்று முட்டியது.

டீமேக்கர் கண்ணைத் திறந்தார். குச்சி நுனிக்கு ஒரு முத்தம் கொடுத்தார். "ஏத்தம் தெரிஞ்ச தோலு!" என்று கத்தினார். அவரைத் தூக்கிக்கொண்டு ஆடினோம். மகன் பாவம், கண்ணைக் கசக்கிக்கொண்டு தகப்பனைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், கீழே இறங்கிப் போய்விட்டார். இன்றைக்கு ஹார்ட்வெயர் கடையின் ஒரு மூலையில் ஆணிக்கும் பெயிண்டுக்கும் நடுவில் ஃபோன் விற்கிறார். நன்றாகவே போகிறது.

மறுவாரம் பூட்டு வாங்கப் போனபோது நானாவின் மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தது. என்ன நானா என்றேன். மகன் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டார்.

"ஆறு கெழமயா ஒரு மனுசன் தோலைக் கடிச்சிக்கிட்டு அலையிறார். பந்து நடுவுல நின்டு அவரத் திரும்பிப் பாக்குது. அதைப் பாத்துக்கிட்டு சும்மா நிக்க எனக்கு ஏலல்ல தம்பி."

டீமேக்கர் ஓய்வு பெற்று இப்போது லுணுகலையில் மகள் வீட்டில் இருக்கிறார். மாதம் ஒருமுறை பஸ் ஏறி வந்து, மாடியில் புதிதாகப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் அந்த அடியை விளக்குகிறார். அன்றைக்கு அந்த மாடியில் கண் திறந்திருந்த அத்தனை பேருக்கும் நடந்தது தெரியும். ஒருவர்கூட இதுவரை அவரிடம் வாய் திறக்கவில்லை. திறந்தவன் நான் ஒருத்தன்தான், அதுவும் எழுத்தில்.

அதனால் டீமேக்கர் ஐயா, இந்தப் பக்கம் உங்கள் கண்ணில் பட்டுவிட்டால், நானாவைப் பற்றி எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். வாரப் பத்திரிகைக்கு எழுதுகிறவன் நாலு வரி கூட்டித்தான் எழுதுவான். பந்து தானாகத்தான் ஏறியது, நான் கண்ணால் பார்த்தேன்.