கூடைக்குப் போகாத தட்டு

தட்டு கையை விட்டுக் கிளம்பிய உடனேயே பார்த்தசாரதிக்குத் தெரிந்துவிட்டது, அது கூடைக்குப் போகிற தட்டு இல்லை.

நேராகப் போக வேண்டியது இடது பக்கம் சாய்ந்தது. சாய்ந்ததோடு நிற்காமல் வேகமும் பிடித்தது. அந்தப் பக்கம் புதர் ஓரமாக யாரோ ஒருவர் முதுகைக் காட்டி, தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். "ஐயோ, நகருங்க!" என்று கத்துவதற்காகப் பார்த்தசாரதி வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

'சொத்'தென்று ஒரு சத்தம். அந்த மனிதர் அப்படியே குப்புற விழுந்தார்.

"போச்சு," என்றான் பக்கத்தில் நின்ற பால்ராஜ்.

ஆவடியில், தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸை ஒட்டியிருந்த பொதுப் பூங்காவுக்கு அந்த விளையாட்டு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பயிற்சிக்காக அமெரிக்கா போய்வந்த அதிகாரி ராஜசேகரன் பிடித்துக்கொண்டு வந்த பழக்கம் அது. டிபன் தட்டு அளவுக்கு ஒரு கனமான பிளாஸ்டிக் தட்டு. அதை வீசி, சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடைக்குள் விழவைக்க வேண்டும். ஒரு கூடை முடிந்தால் அடுத்த கூடை. குறைவான வீச்சில் முடிக்கிறவர் கெட்டிக்காரர்.

"புதுசா கத்துக்கிறவங்களுக்குன்னே போட்டிருக்கேன். தூரமும் கம்மி, மரமும் கம்மி. யாருக்கும் ஒரு அடி படாது," என்று ராஜசேகரன் அடித்துச் சொல்லியிருந்தார். தீபாவளிக்குக் கதவு ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டுக் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிற ஸ்டோர்ஸ் கிளார்க் பார்த்தசாரதி, அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான், அதே செக்‌ஷனில் வேலை பார்க்கும் பால்ராஜோடு வந்தார்.

விழுந்த மனிதர் எழுந்தார். எழுந்துகொண்டே இருந்தார். அவ்வளவு உயரம். தோள் இரண்டும் இரண்டு மூட்டை. மீசை காது வரைக்கும் போய்த் திரும்பியது.

"அய்யய்யோ, பருத்திப்பட்டு வேம்புலி!" பால்ராஜின் குரல் இறங்கிப்போனது. "ஏரிக்கரைல நெலம், மாடுன்னு இருக்கிற குடும்பம் மாமே. அண்ணன் தம்பி, பங்காளின்னு ஒரு தெருவே அவனுங்கதான்."

வேம்புலி இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நாலா பக்கமும் பார்த்தார். "எவன்டா அது?" என்று அவர் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த காக்கை எல்லாம் கிளம்பியது. அதற்கு முன்பே பார்த்தசாரதி கிளம்பியிருந்தார்.

பூங்கா வாசலைத் தாண்டி, மூச்சு வாங்க நின்றபோதுதான் பால்ராஜ் தலையைச் சொறிந்தான்.

"தட்டு அங்கயே கெடக்குது மாமே."

"கிடக்கட்டும். எனக்கு வேண்டாம்."

"அதுக்கில்ல. தட்டு மாறிடக்கூடாதேன்னு நேத்துதான் அதுல பெயிண்ட்ல உன் பேரை எழுதினேன்."

"பேர் மட்டும்தானே?"

"பேரு, ஸ்டோர்ஸு, குவார்ட்டர்ஸ் நம்பரு. நல்லா பெருசாவே எழுதிட்டேன்."

விஷயத்தைக் கேட்ட மனைவி கஸ்தூரி ஒரே வார்த்தையில் முடித்துவிடப் பார்த்தாள். "நேரா போய் மன்னிப்பு கேட்டுட்டு வந்துடுங்களேன்."

"கேட்கிறதுக்கு வாய்னு ஒண்ணு மிஞ்சணுமே! நீ அந்த ஆளைப் பார்த்தியா? அந்தக் கையைப் பார்த்தியா?"

அதற்குப் பிறகு தெருவில் சைக்கிள் மணி அடித்தாலும் பார்த்தசாரதி தாழ்ப்பாளைச் சரிபார்த்தார். மறுநாள் லீவு போட்டார். சாயங்காலம் கதவு தட்டப்பட்டபோது, யார் என்று கேட்காமலே கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டார்.

கஸ்தூரி கதவை ஒரு சாண் திறந்தாள். அந்த ஒரு சாணிலும் மீசைதான் தெரிந்தது. பின்னால் இன்னும் இரண்டு பேர். வேம்புலியின் கையில் தட்டு.

"பார்த்தசாரதி ஊடு இதானேம்மா?"

"ஆமாங்க. ஆனா அவர் இல்லீங்க."

"எங்க போய்கீறாரு?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாத கஸ்தூரி புடவைத் தலைப்பை முறுக்கினாள். அந்த நேரம் பார்த்துக் கட்டிலுக்கு அடியில் ஒரு தும்மல்.

"உடம்பு சரியில்ல. ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு," என்றாள் அவசரமாக.

"அப்ப உள்ள தும்முறது?"

"அது... பூனைங்க."

வேம்புலி பூனையைப் பற்றி மேலே கேட்கவில்லை. "எந்த ஆஸ்பத்திரி?"

"பூந்தமல்லியில..."

"இந்தாம்மா, அந்த ஆளை நான் சும்மா உட முடியாது. அவரு குடுத்ததுக்கு நான் திருப்பிச் செய்யலன்னா நான் மனுசனே இல்ல. எங்க இருந்தாலும் தேடிப் புடிக்கிறேன்."

கதவு சாத்தியதும் கட்டிலுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "பூந்தமல்லின்னு ஏன்டி ஊரைச் சொன்னே?"

"நீங்க ஏங்க தும்முனீங்க?"

அடுத்த நாள் பால்ராஜ் ஒரு செய்தி கொண்டுவந்தான். வேம்புலியின் ஆட்கள் பூந்தமல்லியில் ஒரு ஆஸ்பத்திரி பாக்கியில்லாமல் ஏறி இறங்கியிருக்கிறார்கள். கட்டில் கட்டிலாகப் பார்த்திருக்கிறார்கள். அப்படி ஒரு நோயாளியே இல்லை என்றதும், நசரத்பேட்டை வரைக்கும் போய் விசாரித்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள்.

"இப்ப பொய் சொன்னதும் தெரிஞ்சி போச்சி. அடிச்சதுக்கு ஒண்ணு, ஏமாத்துனதுக்கு ஒண்ணு," என்று பால்ராஜ் இரண்டு விரலைக் காட்டினான்.

"ஏதாவது வழி சொல்லுப்பா. உன் பெயிண்ட்டால வந்த வினை இது."

பால்ராஜ் யோசித்தான். அவன் யோசித்தபோதே பார்த்தசாரதி எழுந்து போயிருக்க வேண்டும். "அவன் உன் மூஞ்சைப் பார்க்கல மாமே. சுருட்டை முடி, மீசைன்னு பார்க்ல யாரோ அடையாளம் சொல்லிக்கீறாங்க. முடியும் மீசையும் இல்லன்னா நீ யாரோ!"

மறுநாள் காலையிலேயே பார்த்தசாரதி திருவேற்காடு போனார். மொட்டை போட்டுக்கொண்டார். மீசையையும் எடுக்கச் சொன்னார். கண்ணாடியில் பார்த்தபோது அவருக்கே அவரை அடையாளம் தெரியவில்லை. மூன்று நாளில் முதல் தடவையாகக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அந்த மூச்சு பஸ் ஸ்டாப் வரைக்கும்தான். அங்கே நின்றிருந்த எதிர்வீட்டுச் சாமுண்டீஸ்வரி அவரைப் பார்த்ததும் வாயில் கையை வைத்தாள்.

"ஐயோ சார்! மீசைகூட எடுத்திருக்கீங்களே! அப்பாவா?"

இல்லை என்று சொன்னால் ஏன் மொட்டை என்று கேட்பாள். வேண்டுதல் என்றால் என்ன வேண்டுதல் என்பாள். பேச்சு நீண்டால் ஆள் கூடும். நாலு பேர் முன்னால் தன் பெயர் அடிபடுவதை நினைத்தாலே பார்த்தசாரதிக்கு நடுங்கியது. அந்த நடுக்கத்தில் தலை தானாக ஆடிவிட்டது.

கும்பகோணத்தில் அவர் அப்பா அந்த நேரம் சைக்கிள் மிதித்துக் காய்கறி வாங்கப் போய்க்கொண்டிருந்திருப்பார்.

மதியத்துக்குள் குவார்ட்டர்ஸ் முழுக்க வீட்டு வாசலில் இருந்தது. யாரோ பிளாஸ்கில் காப்பி கொண்டுவந்தார்கள். யாரோ பெஞ்சு போட்டார்கள். ராஜசேகரனே வந்து தோளைத் தட்டிவிட்டுப் போனார். சாமுண்டீஸ்வரி கஸ்தூரியைக் கட்டிக்கொண்டு அழுதாள். கஸ்தூரியும் அழுதாள். அவள் அழுகைக்குக் காரணம் வேறு.

"மாமாவைக் கொன்னுட்டீங்களே!" என்று உள்ளறையில் பல்லைக் கடித்தாள்.

"நான் எங்க கொன்னேன்? தலையைத்தானே ஆட்டினேன்!"

"சரி, வந்தவங்களை அனுப்பிட்டுக் கதவைச் சாத்துங்க."

"துக்க வீட்டுல கதவைச் சாத்த முடியுமாடி? கூப்பிடுறாங்க பாரு, வெளியில வந்து உட்காரணுமாம்."

ஒளிந்துகொள்ள மொட்டை போட்டவரை வாசல் நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். தெருமுனையிலிருந்து பார்த்தாலே தெரிகிற மாதிரி உச்சந்தலை வெயிலில் பளபளத்தது.

தெருமுனையில் ஒரு மாட்டு வண்டி திரும்பியது.

முன்னால் வேம்புலி. பின்னால் ஒரு கூட்டம். அதில் ஒருவர் கையில் ஆளுயர மாலை. வண்டிக்குள் ஒரு ஆள் குப்புறப் படுத்து, "அம்மா, அய்யோ" என்று முனகிக்கொண்டிருந்தான். பார்த்தசாரதிக்குக் கண் இருண்டது. வண்டியில் யார்? அந்தத் தட்டு இன்னொருத்தனையும் அடித்ததா? மாலை யாருக்கு? பருத்திப்பட்டு ஆட்கள் மாலையோடு வந்துதான் வேலையை முடிப்பார்களா?

"பால்ராஜ்!" என்று ஈனஸ்வரத்தில் கூப்பிட்டார்.

"யூனியன் ஆபீஸ் வரைக்கும் போய்ட்டு வந்துர்றேன் மாமே," என்ற குரல் கொல்லைப்புறச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது.

"இதுல பார்த்தசாரதி யாருங்க?" என்றார் வேம்புலி.

"அதோ, மொட்டை போட்டிருக்காரே, அவர்தான்," என்று ஒரே நேரத்தில் பத்துக் கைகள் காட்டின.

பார்த்தசாரதி நாற்காலியிலிருந்து சரிந்து நேராக வேம்புலியின் காலில் விழுந்தார். "ஐயா! வேணும்னு பண்ணலீங்க! கை தவறிப்போச்சு! எனக்குப் பெண்டாட்டி இருக்கா, அப்பா இருக்கார்..."

"அப்பா இருக்காரா?" என்றாள் சாமுண்டீஸ்வரி.

இரண்டு பெரிய கைகள் பார்த்தசாரதியை அக்குளில் பிடித்துத் தூக்கி நிறுத்தின. கழுத்தில் மாலை விழுந்தது. சம்பங்கி வாசம் குப்பென்று அடித்தது. அவர் கண்ணை இறுக மூடி, அடி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று காத்திருந்தார்.

அடி வரவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த வேம்புலியின் மனைவி எல்லம்மா, பார்த்தசாரதியின் கையை விரித்துத் தட்டை வைத்தாள்.

"ரெண்டு வருசமா எந்த வைத்தியத்துக்கும் திரும்பாத எங்க ஊட்டுக்காரரு கழுத்தை ஒரே அடியில திருப்பிட்டியே சாமி! தோ, வண்டில கீறவன் என் தம்பி. இவனுக்கு இடுப்பு, கொஞ்சம் பலமாவே போடு!"