கென்யாவில மைக்ரேஷன் பார்த்த கதை

அண்டைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்டே ஒண்டு. அடுத்த தெருச் சிவத்தார் வீட்டை போய் பைனாகுலர் இரவல் வாங்கிறது.

எண்பதுகளில நாங்கள் ஒக்லண்டில, லின்ஃபீல்ட் பக்கம் வாடகைக்கு இருந்த காலம். கென்யாவில லட்சக்கணக்கில காட்டுமாடுகள் புல்லுத் தேடிக் கூட்டமா ஆறு கடக்கும், தண்ணிக்குள்ள முதலை வாயைப் பிளந்துகொண்டு நிக்கும் எண்டு டிவியில பார்த்ததில இருந்து எனக்கு ஒரே விசர்.

மனுசி சாந்தி சொன்னா, "மாடு பார்க்க ஆப்பிரிக்காவோ? புக்கெகோஹிப் பக்கம் காரை விட்டா வேலியோரம் நிக்குதே!"

நான் விடுவனே? லீவு கேட்டு, சஃபாரிக்கும் சொல்லி வைச்சாச்சு.

சிவத்தார் கேட்டார், "பைனாகுலர் என்னத்துக்குத் தம்பி?"

"கென்யாவில மைக்ரேஷன் பார்க்கிறம் அண்ணை!"

நான் சொன்னது மாடு ஆறு கடக்கிறதைக் கண்ணால பார்க்கிறதை. எங்கட ஆக்களுக்கு மைக்ரேஷன் பார்க்கிறது எண்டா விசாவுக்கு அலையிறது!

"குடும்பத்தோடையோ?"

"ஓம்."

"வேலையிடத்தில சொல்லியாச்சோ?"

"ஓம் ஓம்!"

அவரின்ர முகம் வாடிப்போச்சு. "பைனாகுலரை நீரே வைச்சுக்கொள்ளும், என்ர ஞாபகமா" எண்டார். என்ன தங்கமான மனுசன் எண்டு நினைச்சன்!

வீட்டை வர போன் அடிக்குது. சாந்தியின்ர சிநேகிதி விம்மி விம்மி அழுறா. "ஒரு சொல்லுச் சொல்லாமலோ நாட்டை விட்டுப் போறியள்?" பிறகு மூக்கை உறிஞ்சிப்போட்டு, "உங்கட ஃபிரிட்ஜை ஆருக்கும் குடுக்கிறதாச் சொல்லிட்டியளோ?"

அடுத்த நாள் வீட்டுக்காரர் வந்தார். மலேசியத் தமிழர். "என்ன சார், ஆப்பிரிக்காவுக்கே போறீங்களாமே! வீட்டை வேற ஆளுக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

"ஐயோ, நான் மாடு பார்க்கத்தான் போறன்!"

"மாட்டுப் பண்ணையா? நல்ல தொழில் சார்!"

விளங்கப்படுத்தி முடிக்க நாக்கு வறண்டுபோச்சு. ஆனா வாக்கு வாக்குத்தானாம். வேற ஆள் ஆர்? சிவத்தாரின்ர மச்சான்! விசா கிடைச்சு வீட்டுக்காகக் காத்திருந்தவர், சின்னப் பிள்ளையளோட பிளேன் ஏறிட்டார். அந்தச் சனத்தைத் தெருவில நிப்பாட்ட மனம் வருமோ?

சஃபாரி கான்சல். லீவு முழுக்க வீடு தேடி அலைஞ்சு, மங்கரேயில ஒண்டு பிடிச்சம். உண்மையாவே எனக்கு அழுகை வந்திட்டுது.

போற அண்டைக்கு சிவத்தார் வாசலில நிண்டு, "உங்களை விட்டிட்டு எப்பிடித் தம்பி இருக்கிறது" எண்டு கண்ணைத் துடைச்சார். மச்சான்ர சாமான் அவரின்ர காரில ரெடியா இருந்தது.

லொறியில எங்கட கட்டில், அலுமாரி. பின்னால காரில நாங்கள். மங்கரேப் பாலத்தில ஏறினா கீழ தண்ணி பளபளக்குது.

"வடிவாப் பாருங்கோ, மைக்ரேஷன்" எண்டா சாந்தி.

எனக்கும் சிரிப்பு வந்திட்டுது. "கூட்டம் இருக்கு, தண்ணி இருக்கு. முதலையைத்தான் காணேல்லை."

"அதுதான் வாசலில நிண்டு கண்ணைத் துடைச்சுதே!"