இந்த வருடம் சூசையப்பர் வரமாட்டார்

மணவாளக்குறிச்சி,
10.3.2011

அன்புள்ள தங்கச்சி குளோரிக்கு,

அண்ணன் மரியஜான் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நானும் உன் மதினி கிரேசியும் மாதா புண்ணியத்தில் சுகம். அங்கே வட்டக்கோட்டைப் பக்கம் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். சுகம் என்று எழுதியது வழக்கத்துக்காக, எனக்குச் சுகமில்லை. போனில் சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நான் சரி என்றுவிடுவேன், அதனால்தான் கடிதம். வருகிற சூசையப்பர் திருநாளன்று உன் வீட்டு நேர்ச்சை விருந்துக்கு நான் வர முடியாது. வேறு ஆளைப் பார்த்துக்கொள்.

கடலுக்குப் போவதை விட்டுத் தாடி வெளுத்த நாள்முதல், திருக்குடும்பமாக மூவரை இருத்திச் சோறு போடுகிற எந்த வீட்டு நேர்ச்சைக்கும் சூசையப்பராக இலையில் உட்காருகிறவன் நான்தான். மாதாவாக உட்காருகிற ஞானபாய் அக்கா கொறித்துவிட்டு எழுந்துவிடுவாள், குழந்தை இயேசு பாதியில் தூங்கிவிடும். சூசையப்பருக்கு அந்த வசதி இல்லை. புனிதர் போதும் என்று சொன்னால் நேர்ச்சை விழுந்துபோகும். ஊற்றியதெல்லாம் காலியாகி அவராக இலையை மூடும்வரை வீட்டார் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். நானும் பக்தியோடு போளியைப் பிய்த்துப் பால்பாயசத்தில் போட்டுத் தின்று தின்று வயிறு வளர்ந்ததை அறியவே இல்லை. பேண்ட் போடுகிறவனுக்குப் பொத்தான் சொல்லிவிடும். இடுப்பில் சாரம் கட்டுகிறவனுக்கு யார் சொல்வது? எவ்வளவு வந்தாலும் அது இடம் கொடுக்கும்.

போன வாரம் கிரேசி என்னை வடசேரியில் ஒரு டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். சர்க்கரை இன்னும் வரவில்லையாம், வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நிற்கிறதாம். டேப்பை எடுத்து வயிற்றைச் சுற்றி அளந்தார். “ஐயா, இந்தக் கொழுப்பு சும்மா கெடக்குன்னு நெனச்சியளா? ராப்பகலா ஹார்மோன் அனுப்பிட்டேல்லா இருக்கு” என்றார். ஒன்று லெப்டின். மூளையிடம் போய்ப் போதும் போதும் என்று சொல்கிற ஆள். கொழுப்பு கூடக்கூட அவன் சத்தமும் கூடும், கேட்டுக் கேட்டு மூளை செவிடாகிவிடுமாம். இன்னொன்று அடிப்போனெக்டின். அது நல்லது, இன்சுலினுக்குத் துணை நின்று சர்க்கரையைத் தடுப்பது. வயிறு பெருத்தால் அது மட்டும் குறையுமாம். அந்தப் பெயர் என் வாயில் நிற்கவில்லை. அடைக்கலம் என்று வைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து எனக்கு நினைவு ஒரு நிலையில் இல்லை. மத்தியானம் கட்டுமர நிழலில் சாய்ந்து கண் சொக்கும்போதே வயிற்றுக்குள் கோயில் மைக் கேட்கிறது. லெப்டின் உபதேசியார் நின்று “போதும், போதும்” என்று அறிவிக்கிறார். மேலே என் மூளை, அலைச்சத்தத்தில் காதைக் குவித்துக்கொண்டு, “என்னதுவே? இன்னும் ரெண்டு போளியா?” என்கிறது. தூரத்தில் வெள்ளைச் சேலையில் அடைக்கலம் கரையோரமாய்ப் போகிறாள், மெலிந்து, காலடி மணலில் பதியாமல். “ஏட்டி, நில்லு” என்று கூப்பிடுகிறேன். “நீரு வயித்த எறக்கும், நா வாறேன்” என்று திரும்பாமலே சொல்கிறாள். விழித்துப் பார்த்தால் கடல் மட்டும் கிடக்கிறது, என் கண்ணில் தண்ணீர். இதைக் கிரேசியிடம் சொன்னேன். “எந்த அடைக்கலம்? யாரு அவ?” என்று கேட்டவள்தான், பிறகு என்னோடு பேச்சில்லை.

சிரிக்காதே குளோரி. நம் மூத்த அண்ணன் செல்வனுக்குச் சர்க்கரையால் காலை எடுத்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் அவருடைய ஒற்றைச் செருப்பை நீ மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். எனக்குப் பயமாக இருக்கிறது. தினமும் நடந்து, சோற்றையும் மரச்சீனிக் கிழங்கையும் குறைத்து வயிற்றை இறக்கினால் அடைக்கலம் திரும்பி வருவாள் என்று டாக்டரம்மா சொல்கிறார். நடக்கத் தொடங்கிவிட்டேன். இந்த நேரத்தில் என்னைப் பாயசத்துக்கு முன்னால் உட்கார வைக்காதே. எனக்குப் பதில் தங்கையன் அண்ணாச்சியைக் கூப்பிடு, அவருக்கும் தாடி வெளுத்துவிட்டது, ஆளும் குச்சி, எவ்வளவு ஊற்றினாலும் தாங்குவார்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். கடலில் மீன் உள்ளவரை உன் வீட்டுச் சட்டி காயாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன்மேல் உயிரான அண்ணன்
மரியஜான்

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் கிரேசியிடம் வாசித்துக் காட்டினேன். பேசாதிருந்தவள் வாயைத் திறந்தாள். “ஒங்களுக்கு வெவரம் இருக்கா? ஒங்க தங்கச்சி நேர்ச்ச வச்சதே ஒங்களுக்காக்கும். ‘சூசையப்பரே, எங்க அண்ணனுக்குச் சுகர் வரப்பிடாது. வரலேன்னா, அவரையே ஒம்ம எடத்துல இருத்தி வயிறு நெறயப் பாயாசம் ஊத்துகேன்’ன்னு.” ரத்தம் பார்த்த அன்று, சர்க்கரை வரவில்லை என்று கிரேசி போனில் சொன்னதும் நீ அழுதாயாமே. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு மக்கா, நான் வருகிறேன். அஞ்சுகிராமத்தில் பஸ்ஸை விட்டிறங்கி மிச்ச தூரத்தை நடந்தே வருவேன். இலையைச் சிறிதாகப் போடு. பாயசத்தைப் பச்சைப்பிள்ளைக்கு மருந்து புகட்டுகிற பாலாடையில் ஊற்று. அது காலியானதும் சூசையப்பர் இலையை மூடிவிடுவார், நீ பசியோடு நிற்க வேண்டாம். பக்கத்தில் அடைக்கலத்துக்கும் ஓர் இலை போட்டு வை. கிரேசிக்குத் தெரிய வேண்டாம்.