கர்ட்டன் பாயும் ஒன்பது ஜன்னல்களும்

சிங்கப்பூரில் உள்ள அத்தனை ஜன்னல்களும் தன் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஒரே மனிதர் எங்கள் கர்ட்டன் பாய்தான்.

சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், நகைக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் அவர் கடை. வாசலில் பெரிய பெயர்ப் பலகை உண்டு. அதை யாரும் படித்ததில்லை. அவரும் வாடிக்கையாளர் பெயரை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. பத்து வருடப் பழக்கத்துக்குப் பிறகும் அவருக்கு நான் "மூணு ஜன்னல், ஒரு ஸ்லைடிங் டோர்"தான். என் மனைவியிடம் போனில், "மூணு ஜன்னல் வீட்ல இருக்காரா?" என்று கேட்டிருக்கிறார்.

அவரோடு பேருந்தில் போவது ஒரு தண்டனை. உட்லண்ட்ஸ் போய்ச் சேரும் வரை கழுத்தை ஒடித்து அடுக்குமாடிகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வருவார். ஒன்பதாவது மாடி பச்சை நம்மது, பதினொன்றாவது மாடி நம்மது இல்லை, அதனால்தான் சுருங்கியிருக்கிறது என்று நேர்முக வர்ணனை வேறு. ஒருமுறை சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தவரிடம் மாப்பிள்ளை எப்படி என்று கேட்டேன். மேடைக்குப் பின்னால் தொங்கிய துணி ரெண்டு இஞ்ச் ஏற்றமாக இருந்ததாம். அதைப் பார்த்தபின் பிரியாணியே இறங்கவில்லையாம்.

அவர் கடையில் ஒரே சட்டம்தான்: அளவு அவர்தான் எடுப்பார். கெஞ்சிக் கூத்தாடி, தாங்களே அளந்து கொடுத்தவர்களும் உண்டு. அப்படித் தைத்து, பொருந்தாமல் திரும்பி வந்த கர்ட்டன்களையெல்லாம் ஒரு நீளமான கம்பியில் தொங்கவிட்டிருந்தார். அதற்கு 'சொந்த அளவு' என்று பெயர். புதிதாக யார் வந்தாலும் முதலில் அங்கேதான் அழைத்துப்போவார்.

"இது புதுசாக் கல்யாணமான ஜோடி. ரெண்டு பேரும் மெத்தப் படிச்சவங்க. ஜன்னலுக்குப் பதிலா கட்டிலை அளந்து அனுப்பிட்டாங்க."

அப்புறம் போனை எடுத்துத் தன் வீட்டுப் படத்தைக் காட்டுவார். செம்பவாங்கில் அவர் வீடு மேற்குப் பார்த்த வீடு. மூன்று மணி வெயில் நேரே முகத்தில் அடிக்கும். அதற்காக அவர் தைத்துப் போட்ட பிளாக்அவுட் கர்ட்டன்தான் அவருடைய ஆயுள் சாதனை. முன்பக்கம் நீலம், பின்பக்கம் வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளிப்பூச்சு. தரையிலிருந்து கால் இஞ்ச் உயரத்தில் கச்சிதமாக நிற்கும். மற்றவர்கள் பேரப்பிள்ளை படம் காட்டும் பெருமை அவர் முகத்தில் இருக்கும்.

இப்போது என் அவமானத்துக்கு வருகிறேன். என் மகள் யாழினிக்கு உயர்நிலைப் பள்ளியில் அது கடைசி வருடம். பள்ளிகளுக்கு இடையிலான நடனப் போட்டியில் அவள் குழு இரண்டு வருடம் முதல் சுற்றோடு வீடு திரும்பியிருந்தது. இந்த முறை எழுபதுகளின் டிஸ்கோ. ஒன்பது பேர், அவள் தலைவி. மூன்று மாதமாக எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் உயிரைக் கொடுத்துப் பயிற்சி. உடையை மட்டும் அப்பா தொடக் கூடாது என்று ஆரம்பத்திலேயே சொன்னாள். நான் கேட்டேனா? இணையத்தில் மலிவாகப் பிடித்துத் தருகிறேன் என்று மார்தட்டி, பிள்ளைகள் சேர்த்து வைத்திருந்ததை வாங்கி ஆர்டர் போட்டேன்.

சனிக்கிழமை மாலை போட்டி. வியாழக்கிழமை மதியம் பார்சல் வந்தது. பிரித்தால் பளபளவென்று ஒன்பது டிஸ்கோ உடைகள், எல்லாம் முழங்கை நீளம். பின்பக்கம் ஒவ்வொன்றிலும் ஒரு வட்டமான ஓட்டை. அது எதற்கென்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே யாழினிக்குப் புரிந்துவிட்டது.

"இது நாய் டிரெஸ்பா. அந்த ஓட்டை வாலுக்கு."

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. பக்கத்து அறையிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது: ஸ்கூல் யூனிஃபார்மில் ஆடப்போகிறோம், தேங்க்ஸ். வெள்ளைச் சட்டையில் டிஸ்கோ ஆடினால் அரங்கம் எப்படிச் சிரிக்கும் என்று எனக்குத் தெரியும். பெற்ற மகளின் கடைசி வாய்ப்பில் நானே மண்ணள்ளிப் போட்டுவிட்டேன். ஒன்பது பேரையும் திரட்டிக்கொண்டு பாய் கடைக்கு ஓடினேன். ஏன் அங்கே என்று கேட்காதீர்கள். தையல் மிஷின் வைத்திருக்கும் வேறு ஆளை எனக்குத் தெரியாது.

பாய் கதையைக் கேட்டார். நாய் உடையை விரித்துப் பார்த்து, தையல் சுத்தம் என்று பாராட்டினார். பேண்ட் தைத்திருக்கிறீர்களா என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"பேண்ட்டுன்னா என்ன தம்பி? ரெண்டு சின்னக் கர்ட்டன். நடுவுல ஒரு தையல். அவ்வளவுதான்."

உடனே டேப்பை உருவினார். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி அகலம், இறக்கம் என்று எழுதத் தொடங்கினார். பல்லில் கம்பி கட்டியிருந்த ரிஷியின் அளவுக்கு எதிரே 'கிரில் உண்டு' என்று குறித்துக்கொண்டார். இது ஒரு பக்கம் திறக்கணுமா, ரெண்டு பக்கமுமா என்று அவர் பேண்டைப் பற்றிக் கேட்டபோது, பாவம், அந்தப் பையன் திணறிப்போனான்.

துணி எல்லாம் 'சொந்த அளவு' கம்பியிலிருந்து வந்தது. பிளாக்அவுட் கர்ட்டன்களாகப் பார்த்து இறக்கி, உள்ளே இருந்த வெள்ளிப்பூச்சை வெளியே திருப்பினார். கடையே பளிச்சென்றது. பெல்பாட்டத்தின் அடிமடிப்பில், கர்ட்டன் காற்றில் பறக்காமலிருக்க வைக்கும் ஈயக் குண்டுகளைக் கோத்தார். சட்டைக் கையில் கயிற்றை இழுத்தால் சுருக்கம் விழும் கர்ட்டன் நாடா. செலவு என்று பார்த்தால் நூல்தான். ஆனால் ஆறு மணி அடித்ததும் ஷட்டரை இறக்கிவிட்டார். உலகமே அழிந்தாலும் அவருக்கு ஆறு மணி ஆறு மணிதான்.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் எட்டு உடை தயார். ஒன்பதாவதுக்கு வெள்ளித் துணி இல்லை. எந்தக் கடையிலும் அதே பூச்சு கிடைக்கவில்லை. யாழினி, தான் கறுப்பு பேண்ட்டில் கடைசி வரிசைக்குப் போய்விடுவதாகச் சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. பாய் அவளை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு ஷட்டரை இறக்கினார்.

சனிக்கிழமை காலை போனால் ஒன்பதாவது உடை மேசைமேல் இருந்தது. இருப்பதிலேயே அதுதான் அதிகம் மின்னியது. துணி எங்கே கிடைத்தது என்று கேட்டேன். "இருந்துச்சு," என்றார்.

அன்று மாலை மேடையில் விளக்கு விழுந்ததும் அரங்கமே 'ஓ'வென்றது. முதல் சுழற்சியில் பதினெட்டு பெல்பாட்டக் கால்களும் ஈயக் குண்டோடு ஒன்றாக விரிந்து ஒன்றாக அடங்கின. பாதி ஆட்டத்தில் ரிஷியின் சட்டைக் கை அவிழ்ந்துவிட்டது. அவன் பதறிப்போய்க் கயிற்றை இழுத்தான். யாழினி அதைப் பார்த்து தானும் இழுத்தாள். உடனே ஒன்பது பேரும் இழுத்தார்கள். பதினெட்டுக் கைகளிலும் ஒரே நேரத்தில் சுருக்கம் விழ, நடுவர்கள் அதை நடன அமைப்பு என்றே நினைத்தார்கள். முதல் பரிசு. நான் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினேன், வெட்கமில்லாமல் அழுதேன். யாழினி மேடையிலிருந்து குதித்து ஓடி வந்து, "அப்பா, ஜெயிச்சுட்டோம் லா!" என்று கட்டிக்கொண்டாள். எனக்கு மன்னிப்பு கிடைத்துவிட்டது.

பாயும் வந்திருந்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"இடது ஓரத்துல மூணாவது புள்ளைக்கு அரை இஞ்ச் இறக்கம் தம்பி. தூங்க முடியாது."

மறுநாள் யாழினியும் நானும் கோப்பையையும் கேக்கையும் எடுத்துக்கொண்டு செம்பவாங் போனோம். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் தன் வீடு தெரியும் என்று பாய் எப்போதும் சொல்வார். பார்த்தோம். புளோக் முழுக்க வண்ண வண்ணமாகக் கர்ட்டன்கள். ஒரே ஒரு ஜன்னலில் மட்டும் பழைய செய்தித்தாள் ஒட்டியிருந்தது. யாழினி என் கையை இறுகப் பிடித்தாள்.

மேலே போனதும் பாயின் மனைவி புலம்பித் தள்ளினார். வெயில் மண்டையைப் பிளக்கிறதாம். தீபாவளி ஆர்டர் முடிந்த பிறகுதான் நம் வீட்டு ஜன்னல் என்கிறாராம். பாய் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் யாழினி புத்தகப்பையிலிருந்து ஸ்கேலை எடுத்து ஜன்னலை அளந்தாள். ஒன்பது பேரும் தேக்கா சந்தையில் துணி வாங்கி, பள்ளித் தையல் மிஷினில் தைத்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னொரு கேக்கோடு என்னையும் கூட்டிக்கொண்டு போய் மாட்டினார்கள்.

கர்ட்டன் அரை அடி குட்டையாக இருந்தது.

பாய் வெகுநேரம் அதைப் பார்த்தார். அது 'சொந்த அளவு' கம்பிக்குத்தான் போகும் என்று எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

"யாரு அளந்தது?"

"நான்தான் அங்கிள்," என்றாள் யாழினி.

பாய் கேக்கை வெட்டச் சொன்னார்.

போன வாரம் அவர் மனைவியோடு போனில் பேசினேன். வருடம் ஒன்றாகிவிட்டது, அந்தக் கர்ட்டன் இன்னும் அங்கேயேதான் தொங்குகிறது. அரை அடி இடைவெளியில் வெயில் உள்ளே வந்து சோபாவே வெளுத்துவிட்டதாம்.

"மாத்துங்கன்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன் தம்பி. அளவு சரியாத்தான் இருக்குங்கறார்."