புகையில்லாப் பேருந்தில் ஒரு வில்லைச் சூடம்

புகையே விடாத பேருந்து என்று நான்கு ஊர்க்காரர்களைக் கூட்டிவந்து காட்டிய பேருந்தில் புகை கிளப்பியவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டாலும், எங்கள் வீட்டுக்கு வருகிற விருந்தாளியின் தேநீர் ஆறுவதற்குள் யாராவது சொல்லிவிடுகிறார்கள்.

நான் இயல்பிலேயே பயப்படுகிறவன். சேனாய்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர் வேலை. நாளெல்லாம் எங்கே தப்பு இருக்கிறது என்று தேடுவதற்குச் சம்பளம் வாங்குகிறேன். வீட்டுக்கு வந்து அதையே இலவசமாகச் செய்கிறேன். என் ஒரே மகள் தர்ஷினி கார் ஓட்டப் பழகியபோது, பயிற்சிக் காருக்குப் பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் போனேன். (மூன்றாம் நாள் பயிற்சியாளர் காரை ஓரங்கட்டி, "அங்கிள், பாப்பாவுக்கு ரோட்டைப் பார்த்துப் பயமில்லையாம். கண்ணாடியில உங்களைப் பார்த்துதான் பயமாம்" என்றார்.)

அந்தத் தர்ஷினி படித்து முடித்து, நான்கு நகரங்கள் சேர்ந்து மின்சாரப் பேருந்து வாங்கும் திட்டம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். அப்படியென்றால் என்ன வேலை என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது விளக்கினாள்.

"அப்பா, தீபாவளிக்கு நம்ம தாமான்ல நாலு வீடு சேர்ந்து ஒரு ஆடு வாங்குறீங்க இல்ல? எதுக்கு?"

"தனியா வாங்கினா கட்டுப்படி ஆகாதும்மா."

"அதேதான். நாலு ஊரும் ஒரே மாதிரி பஸ், ஒரே மாதிரி சார்ஜர், ஒரே மாதிரி ஸ்பேர் பார்ட்ஸ்னு சேர்ந்து கேட்டா விலை இறங்கும். அதுல ஒருத்தர் கழண்டுக்கிட்டா?"

"ஆடு வராது" என்றேன் உடனே. அனுபவம் பேசியது. அதற்கு முந்தைய தீபாவளியில் கடைசி நேரத்தில் மூலை வீட்டுக்காரர் கழன்றுகொண்டதால், நாங்கள் கோழிக் குழம்போடு ஒப்பேற்றியிருந்தோம்.

"இங்கேயும் ஒரு ஊர் கழண்டுக்கப் பார்க்குதுப்பா. புவான் ரோஹானான்னு ஒரு மலாய்க்காரம்மா, அவங்க ஊர் எஞ்சினியர். பேட்டரி தீப்பிடிச்சா என்ன பண்ணுவீங்க, எப்படித் தெரியும், இதே கேள்விதான். செவ்வாய்க்கிழமை கூலாய் டெப்போவுக்கு நாலு ஊர் ஆளுங்களும் வர்றாங்க. பஸ்ல ஒரு ரவுண்டு. அந்தம்மா சரின்னா கையெழுத்து. இல்லன்னா திட்டமே படுத்துடும். அதுக்குன்னு எடுத்த ஆளு நான். எனக்கும் வேலை இருக்காது." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க அந்தப் பக்கம் வரவே கூடாது" என்றாள்.

"நான் ஏன்மா வரப் போறேன்?" என்றேன்.

அந்த நிமிடம் வரை போகும் எண்ணம் எனக்கு உண்மையிலேயே இல்லை. திங்கட்கிழமை மாலைதான் பொறி தட்டியது. அந்தப் பேருந்துக்கு யாராவது பூசை போட்டார்களா?

எங்கள் வீட்டில் மிதிவண்டிகூட எலுமிச்சம்பழத்தை நசுக்காமல் தெருவில் இறங்கியதில்லை. ஒரே ஒருமுறை, பழைய வண்டிதானே என்று சடங்கைத் தள்ளிப் போட்டேன். பாலோ ஊருக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிளோடு சறுக்கி விழுந்து முழங்கையில் ஆறு தையல். (அன்று சாலையில் எண்ணெய் கொட்டிக் கிடந்தது என்பது என் மனைவி சாந்தியின் வாதம். எண்ணெய் ஏன் அன்றைக்குப் பார்த்துக் கொட்டியது என்பது என் வாதம்.)

செவ்வாய்க் காலை பூப்போட்ட பாத்தேக் சட்டையைப் போட்டுக்கொண்டு, தட்டு, சூடம், குங்குமம், எட்டு எலுமிச்சம்பழம் எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்து வைத்தேன்.

"என்னங்க, அது கவர்மெண்டு பஸ்ஸு. நீங்க வாங்கின காரா?" என்றாள் சாந்தி.

"அஞ்சு நிமிஷம். ஒருத்தருக்கும் தெரியாது."

டெப்போ வாசலில் காவலுக்கு இருந்த மலாய்ப் பெரியவர் பாச்சிக்கிடம் தர்ஷினியின் அப்பா என்றதும் சல்யூட் அடித்து உள்ளே விட்டார். பச்சை இலை வரைந்த வெள்ளைப் பேருந்து தூறலில் நனைந்துகொண்டு நின்றது. ஓட்டுநர் சேகர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். டீசல் பேருந்திலேயே தலை நரைத்தவர். என் பையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அண்ணே, எலுமிச்சையா? நல்ல வேளை வந்தீங்க. எனக்கு மனசே கேக்கல. கேட்டா பாப்பா திட்டும்னு சும்மா இருந்தேன்லா."

"பாப்பா எங்கே?"

"மேல மீட்டிங். எல்லாரும் நாசி லெமாக் சாப்பிடுறாங்க. சீக்கிரம்."

ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒன்றாக ஆறு பழங்களை வைத்தேன். இரண்டு உபரி. தரப் பரிசோதகன் உபரி இல்லாமல் கிளம்ப மாட்டான். வைத்துவிட்டுத் தள்ளி நின்று, "ஸ்டார்ட் பண்ணுங்க" என்றேன்.

"பண்ணிட்டேன் அண்ணே."

"சத்தத்தையே காணோமே."

"இதுக்குச் சத்தம் கிடையாதுண்ணே. நசுக்கியாச்சு, கீழே பாருங்க."

பார்த்தேன். ஆறும் தரையோடு தரையாகக் கிடந்தன. அத்தனை பெரிய பேருந்து என் முன்னாலேயே நகர்ந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு பூனை மாதிரி போகிற வண்டிக்குச் சூடம் காட்டாமல் விட்டால் அது பெரிய தப்பு என்று அப்போது உறுதியாகத் தோன்றியது.

தூறல் வலுத்தது. நான்கு தீக்குச்சிகள் நனைந்து வீணாயின. "உள்ளே வந்துடுங்க அண்ணே, ஒரு நிமிஷ வேலைதானே" என்றார் சேகர். ஏறினேன். ஸ்டீயரிங்குக்குக் குங்குமம் வைத்தேன். தட்டில் ஒரே ஒரு வில்லைச் சூடம். ஏற்றினேன். மகளுக்கு வேலை நிலைக்க வேண்டும், புவான் ரோஹானாவுக்கு நல்ல புத்தி வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு தட்டைச் சுற்றத் தொடங்கினேன். முதல் சுற்று முடியவில்லை.

பேருந்து வீறிட்டது. அதுவரை மூச்சுச் சத்தம்கூட விடாத பேருந்து! கூரையிலிருந்து ஒரு பெண் குரல் மலாயில், மிக மரியாதையாக, "எச்சரிக்கை. புகை தென்படுகிறது. அமைதியாக இறங்கவும்" என்றது. கதவுகள் படாரென்று திறந்தன. விளக்குகள் சிவந்தன. பேருந்து தன் மின்சாரத்தைத் தானே துண்டித்துக்கொண்டது.

"அலமாக்!" என்று கத்திக்கொண்டு குதித்தார் சேகர். அமைதியாக இறங்கியது நான் ஒருவன்தான். கையில் எரிகிற தட்டு இருந்தால் அமைதியாகத்தான் இறங்க முடியும்.

அதே நேரம் மாடியில் நடந்ததைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். தர்ஷினி சுவரிலிருந்த பெரிய திரையில் அந்தப் பேருந்தின் நிலவரத்தைக் காட்டி, "இந்த பஸ்ல புகைங்கிற பேச்சே கிடையாது" என்று சொல்லி முடித்திருக்கிறாள். திரை சிவப்பாகி, 'புகை' என்று எழுதிக் காட்டியிருக்கிறது. நான்கு நகரங்களும் ஒரே நேரத்தில் நாசி லெமாக்கை வைத்துவிட்டு ஜன்னலுக்கு ஓடியிருக்கின்றன. கீழே, பாத்தேக் சட்டை போட்ட ஒருவர் மழையில் தட்டோடு நின்றிருக்கிறார்.

எல்லோரும் இறங்கி வந்தார்கள். டெப்போ மேலாளர் முகம் குங்குமத்தைவிடச் சிவந்திருந்தது. "யார் இந்த ஆள்? யார் உள்ளே விட்டது?" என்று மலாயில் இரைந்தார்.

கூட்டத்துக்குப் பின்னால் தர்ஷினி தெரிந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. என் மூளை வாழ்க்கையில் முதல்முறையாக வேகமாக வேலை செய்தது: நான் யாரோ, அவள் யாரோ என்று இருந்துவிட்டால் பிள்ளை தப்பித்துவிடுவாள்.

"நான் சும்மா இந்தப் பக்கம் நடந்து வந்தேன்" என்றேன். (கையில் தட்டு. விரலில் குங்குமம். சட்டைப் பையில் இரண்டு எலுமிச்சம்பழம்.)

"இவரை எனக்குத் தெரியாது" என்று அவள் சொல்லியிருக்கலாம். நான் அதைத்தான் வேண்டிக்கொண்டு நின்றேன். அவளோ மழையில் நடந்து வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"இவர் என் அப்பா" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "பஸ் நல்லபடியா ஓடணும்னு சாமி கும்பிட வந்திருக்கார்."

நான் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தேன். புகையால் என்று நினைத்திருப்பார்கள்.

யாரும் சிரிக்கவில்லை. கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் மட்டும் நசுங்கிய பழங்களைப் பார்த்தார், திறந்து கிடந்த கதவுகளைப் பார்த்தார், பிறகு என் தட்டைப் பார்த்தார். புவான் ரோஹானாதான்.

"எத்தனை வில்லை?"

"ஒண்ணே ஒண்ணு, புவான்."

"எவ்வளவு நேரத்தில் கத்தியது?"

"நேரமா? ஒரு சுற்றுகூட விடவில்லை, புவான்."

குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். எழுதிய வேகத்தைப் பார்த்ததும், ஆடு போயிற்று என்று முடிவு கட்டிவிட்டேன்.

பத்து நிமிடத்தில் போம்பா வண்டி சங்கு ஊதிக்கொண்டு வந்தது. ஒரு தீயணைப்பு வீரர் என் தட்டை எட்டிப் பார்த்தார். சூடம் எப்போதோ அணைந்திருந்தது. பேருந்தை மறுபடி உயிர்ப்பிக்க கோலாலம்பூரிலிருந்து ஆள் வர வேண்டுமாம். விருந்தினர்களைப் பழைய டீசல் பேருந்தில் ஏற்றி அனுப்பினார்கள். அது கிளம்பும்போது கக்கிய கரும்புகையில் நானும் தர்ஷினியும் இருமிக்கொண்டு நின்றோம். அந்தப் புகைக்குக் கூரையிலிருந்து எந்தப் பெண் குரலும் எச்சரிக்கை கொடுக்கவில்லை.

மூன்று நாள் அவள் என்னோடு நேராகப் பேசவில்லை. "அம்மா, சோறு போட்டாச்சுன்னு அப்பாகிட்ட சொல்லுங்க" என்பாள், என் எதிரில் உட்கார்ந்துகொண்டே. எனக்கும் சோறு இறங்கவில்லை. வேலையில் கைக்கு வந்த நல்ல பொருளையெல்லாம் பழுது என்று ஒதுக்கிக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் அவளே, "நீங்க நாலு குச்சி கிழிச்சீங்களாமே, சேகர் அங்கிள் சொன்னார். மழை உங்களுக்கு நாலு வாட்டி சொல்லியிருக்கு" என்றாள். சாந்திதான் முதலில் சிரித்தாள்.

மூன்று வாரம் கழித்து புவான் ரோஹானாவின் ஊரிலிருந்து கடிதம் வந்தது. சேர்கிறார்கள். பேருந்தை அவர்கள் தனியாகக் கேட்டு வாங்கி ஒரு நாள் முழுக்கச் சோதித்தார்களாம். அதனால்தான் சம்மதமே தவிர, என் சூடத்தால் இல்லை என்று தர்ஷினி இன்றுவரை சத்தியம் செய்கிறாள். ஆனால் கடிதத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: எங்கள் ஓட்டுநர்களும் டோவா என்ற பிரார்த்தனை ஓதுவார்கள், ஊதுபத்தி கொளுத்துவார்கள், எல்லா ஊரிலும் இப்படி ஓர் அப்பா இருப்பார். ஆகவே சடங்குகளுக்கு டெப்போவில் தனி இடம் வேண்டும், பேருந்திலிருந்து மூன்று மீட்டர் தள்ளி என்று. எந்தச் சார்ஜர் வாங்குவது என்று மாதக்கணக்கில் முட்டிக்கொண்ட நான்கு நகரங்களும் இதற்கு மட்டும் ஒரே நிமிடத்தில் கைதூக்கினவாம். கையேட்டில் அதற்கு ஏதோ ஓர் எண் இருக்கிறது. அலுவலகத்தில் அதன் பெயர் 'தர்ஷினி அப்பா விதி'.

இன்றும் வெள்ளிக்கிழமை நான் சூடம் ஏற்றினால் வரவேற்பறையிலிருந்து, "எச்சரிக்கை. புகை தென்படுகிறது. அமைதியாக இறங்கவும்" என்று அந்தப் பெண் குரலிலேயே தர்ஷினி சொல்வாள். உடனே சாந்தி போய் வாசற்கதவைத் திறந்து வைப்பாள்.

போன மாதம் தர்ஷினி சொந்தமாக ஒரு மின்சாரக் கார் வாங்கினாள். வாசலில் நிறுத்திவிட்டு, "அப்பா, வாங்க, பூசை போடுங்க" என்று அவளே கூப்பிட்டாள். ஆசையாகத் தட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவள் அளவு நாடாவோடு காத்திருந்தாள்.